பல்லக்கா வளர்த்த ரம்பம்

அந்தத் தெருவில் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சுகளில் மாவு வார்த்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, பொக்கை வாய்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது அவள் தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. உள்ளே இரண்டு அறைகளில் அவளும் அம்மாவும். வயது நாற்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் பேசி ஓய்ந்துவிட்டார்கள்.

நாய் அவளுடையது அல்ல. தம்பி ஆசைப்பட்டுக் குட்டியாக வாங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் காரிலிருந்து இறக்கி அவள் வாசல் கம்பியில் கட்டினான்.

"ஒரு வாரம் பாத்துக்கக்கா. வீட்ல ஒண்ணு விடாம கடிச்சு வச்சிருக்கு. ரிமோட்டு, சோபா, சார்ஜர். என் பொண்டாட்டி செருப்பு மட்டும் ஏழு. அதுவும் ஜோடி ஜோடியா இல்ல, ஒத்தை ஒத்தையா ஏழு."

"எனக்கு நாய் வளர்க்கத் தெரியாதுடா."

"எனக்கு மட்டும் தெரியுமா?" என்று சிரித்தான்.

"புள்ள வாய் விட்டுக் கேக்கறான்ல, வச்சுக்கயேன்" என்றாள் அம்மா. அந்த வீட்டில் பிள்ளை என்றால் அவன் ஒருவன்தான்.

தம்பி அதற்கு டைகர் என்று பேர் வைத்திருந்தான். வந்த மூன்றாம் நாள் அது மேசைக்காலை அறுத்த அறுப்பைப் பார்த்துவிட்டுப் பல்லக்கா ரம்பம் என்று கூப்பிட்டாள். அதுவே நிலைத்துவிட்டது.

நான்காம் நாள், அன்று மாலை கொடுத்தாக வேண்டிய ஒரு மேல்வரிசைப் பல்செட்டை ரம்பம் கடித்துத் துப்பியது. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவரின் பற்கள். மகள் கல்யாணப் போட்டோவுக்கு வாய் திறந்து சிரிக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிய பற்கள். பல்லக்கா விளக்குமாற்றை எடுத்து விளாசித் தள்ளிவிட்டாள். நாய் சுவரோடு ஒண்டி, நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்தது. அவள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் போனாள். அந்தம்மா நாயின் உதட்டைத் தூக்கிக் காட்டினார்.

"அடிச்சா உங்க முன்னாடி கடிக்காது, அந்தப் பக்கம் போனதும் கடிக்கும். பால்பல் விழுந்து புதுப்பல் வருது, ஈறெல்லாம் குடையும். பல்லைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அது சுருக்கென்று தைத்தது. மருத்துவர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு வந்தாள்.

முதலில் இடுப்பு உயரத்துக்குக் கீழே இருந்த எல்லாவற்றையும் மேலே ஏற்றினாள். ஒயர்களைச் சுவரோடு அடித்தாள். பட்டறை வாசலில் குறுக்கே பலகை வைத்தாள். பழைய துண்டுகளை முறுக்கி, நனைத்து, குளிர்சாதனப் பெட்டியில் விறைக்க வைத்துக் கடிக்கக் கொடுத்தாள். வேலை தொடங்குமுன் ஒரு மணி நேரம் நடக்கக் கூட்டிப்போனாள். வாயில் எதையாவது கவ்விக்கொண்டு ஓடினால் துரத்தக் கூடாது, துரத்தினால் அதற்கு விளையாட்டு. அதனால் தரையில் உட்கார்ந்து, அதைவிட ருசியான ஒன்றை நீட்டி, "கொடு" என்பாள். சொல்லச் சுலபம். முதல் மாதம் நாய் அதையும் தின்றுவிட்டு இதையும் கொண்டு ஓடியது. நடுவில் அம்மாவின் மூக்குக்கண்ணாடி போயிற்று. "இது உருப்படாது" என்று அம்மா கையெழுத்துப் போடாத குறையாகச் சொல்லிவிட்டாள்.

தம்பி சொன்ன ஒரு வாரம் பத்து மாதமானது. எப்போதாவது போன் செய்வான், நாயைப் பற்றிக் கேட்க மாட்டான்.

ஒருநாள் பட்டறை மேசையிலிருந்து ஒற்றைப் பல் தெறித்து, பலகை இடுக்கு வழியாக வெளியே உருண்டது. ரம்பம் அதை நாக்கால் எடுத்து, வந்து நின்று, அவள் கேட்கும் முன்பே அவள் உள்ளங்கையில் வைத்தது. பல்லக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்ததால், என்னவோ ஏதோ என்று அம்மா எழுந்து வந்தாள்.

அடுத்த வாரம் தம்பியும் அவன் மனைவியும் வந்தார்கள். வாசலில் கழற்றிய புதுச் செருப்புக்குப் பக்கத்திலேயே நாய் படுத்திருந்தது. மோந்து பார்த்ததோடு சரி.

"அண்ணி, இது நம்ம டைகரா!" என்றாள் தம்பி மனைவி.

தம்பியின் முகம் மலர்ந்தது. "அப்போ கூட்டிட்டே போயிடலாம்."

"நல்லாத்தானே இருக்கு இங்க" என்றாள் பல்லக்கா.

"உனக்கும் எவ்ளோ நாள்தான்க்கா தொந்தரவு?"

"எனக்குத் தொந்தரவுன்னு நான் சொன்னேனா?"

"அவன் நாய அவன் கேக்கறான். இதுல உனக்கென்ன வந்துச்சு?" என்று அம்மா முடித்து வைத்தாள்.

நாயை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பல்லக்கா உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். தம்பி அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டான். நடக்கத்தான் கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்து, நாய் தானாகவே காரில் ஏறியது.

மூன்று வாரம் கழித்து போன் வந்தது.

"என்னத்தக்கா பழக்கின? மறுபடி ஆரம்பிச்சிடுச்சு. கார் சீட்டையே கிழிச்சிடுச்சு."

"காலைல நடக்கக் கூட்டிட்டுப் போறியா?"

"எனக்கெங்கக்கா நேரம்?"

"பகல்ல யார் கூட இருக்கு?"

"பால்கனில கட்டிப் போட்டிருக்கோம்."

"நான் வந்து கூட்டிக்கறேன்டா. நாளைக்கே வரேன்."

"பாக்கலாம்க்கா, நானே சொல்றேன்" என்று வைத்துவிட்டான். நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே கூப்பிட்டாள்.

"குடுத்தாச்சுக்கா. தெரிஞ்சவர் ஒருத்தர் கிடங்குக்குக் காவல் நாய் வேணும்னாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நாய்தானேக்கா."

கிடங்கு எங்கே என்று அவன் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன், நாளை சொல்கிறேன் என்று இரண்டு மாதம் இழுத்தடித்தான். கடைசியில் அவன் மனைவிதான் விலாசத்தைச் சொன்னாள். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க அண்ணி" என்று கெஞ்சினாள்.

கிடங்கின் பின்பக்கம், டயர்க் குவியலுக்கு நடுவே ஒரு தூணில் ரம்பத்தை இரும்புச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். விலா எலும்பை எண்ணிவிடலாம். அவளைக் கண்டதும் வாலைத் தரையில் இரண்டு தரம் தட்டியது, எழவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். மேல் கோரைப்பற்கள் இரண்டும் பாதியில் முறிந்து, உள்ளே சிவப்பு தெரிந்தது.

"சங்கிலியத்தான் கடிக்குதும்மா, நாள் பூரா" என்றார் காவலாளி. "குரைக்கவும் மாட்டேங்குது. எங்களுக்கு எதுக்கு? தாராளமா கூட்டிட்டுப் போங்க."

எத்தனையோ ஆயிரம் பற்களைச் செய்தவள் அவள். ரம்பத்தோடு ஆட்டோவில் திரும்பி வரும் வழியெல்லாம் தன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். கால்நடை மருத்துவர் அந்த இரண்டு பற்களையும் பிடுங்க வேண்டியதாயிற்று.

விஷயம் தெரிந்து தம்பி வந்தான். "சரிக்கா, இனிமே நீயே வச்சுக்க. எங்களுக்கு ஆட்சேபணை இல்ல" என்றான், பெரிய மனசோடு.

"உள்ள வராத" என்றாள் பல்லக்கா.

அவன் சிரிக்கப் பார்த்தான், அவள் சிரிக்கவில்லை. வாசலோடு திரும்பிப் போய்விட்டான்.

"ஒரு நாய்க்காகக் கூடப் பொறந்தவன வாசல்ல நிக்க வச்சிட்டியே, நல்லா இருப்பியா?" என்று அம்மா அழுதாள்.

"நாய்க்காக இல்லம்மா."

"வேற எதுக்கு?"

சொன்னாலும் அம்மாவுக்குப் பிடிபடாது என்று தோன்றியது. நாய்க்குச் சோறு மசிக்கப் போனாள். அந்த மாதக் கடைசியில் அம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு மகன் வீட்டுக்குப் போனாள்.

ரம்பம் இப்போது எதையும் கடிப்பதில்லை. விறைத்த துண்டை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மசித்துப் போட்டதை மட்டும் நக்கித் தின்றுவிட்டு, பட்டறைக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்கிறது. பல்லக்கா அதைக் கூப்பிடுவதில்லை, அதுவாக வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டாள். அவளுக்கும் மதியத்துக்குள் மூன்று செட் மெருகு போட்டாக வேண்டும்.