கூட்டல் குறிக்குக் கீழே

உச்சிமாகாளியை ஜெமிமா திட்டாத நாள் கிடையாது. ஆள் யாரென்று தெரியாது. ஆணா பெண்ணா, கல்லூரிப் பையனா, பென்ஷன் வாங்கும் பெரியவரா, எதுவும் தெரியாது. போனில் அவள் ஆடுகிற போர் விளையாட்டில் கிழக்குக் கரையைப் பிடித்து உட்கார்ந்திருந்த எதிரி, அவ்வளவுதான்.

"பேரைப் பாத்தா எங்க ஊர்ப் பக்கத்து ஆளு மாதிரி இருக்கே" என்றார் அவளுடைய அப்பா தேவப்பிரியம். நாசரேத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மிளகாய் வத்தல் மண்டி வைத்தவர் அவர். "அவன்கிட்ட எதுக்கும்மா வம்பு?"

ரிஃபானா இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜெமிமாவும் ரிஃபானாவும் ஆறாம் வகுப்பிலிருந்து தோழிகள். இப்போது விம்கோ நகர் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. காலையில் ராயபுரத்தில் ரயில் ஏறும் ஜெமிமா ஜன்னலோரமாக இன்னோர் இடத்துக்கும் பையைப் போட்டு வைப்பாள். தண்டையார்பேட்டையில் ரிஃபானா ஏறுவாள். உட்கார்ந்த கையோடு இரண்டு போன்களும் வெளியே வரும்.

அடித்துப் பிடித்து ஆடுகிற விளையாட்டு இல்லை அது. ஒரு நாளைக்கு ஒரு முறைதான் படைகளை நகர்த்தலாம். மாலை ஆறு மணிக்கு அன்றைய முறை முடியும். ஆகவே யோசிக்க நிறைய நேரம் இருந்தது, பேசவும் நிறைய இருந்தது. ஜெமிமாவின் நாட்டுக்கு ராயபுரம் என்று பெயர். ரிஃபானாவின் நாடு காசிமேடு. இரண்டும் கூட்டணி.

ஆட்டத்தின் விதிகளில் ஜெமிமாவை முதலில் அழவைத்தது படை அடுக்கும் விதி. ஒரே கட்டத்தில் எத்தனை படைகளை வேண்டுமானாலும் ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தலாம். ஆனால் திறந்தவெளியில் யாராவது தாக்கினால், அந்த அடுக்கில் இருப்பதிலேயே உறுதியாகத் தடுக்கக்கூடிய ஒருவன்தான் எல்லோருக்காகவும் சண்டை போடுவான். அவன் செத்தால் கீழே நிற்கிற அத்தனை பேரும் கையைக்கூடத் தூக்காமல் அவனோடு சேர்ந்து செத்துப்போவார்கள். கோட்டைக்குள் இருந்தால் அந்த பயமில்லை. அங்கே ஒவ்வொருவனாகத்தான் கொல்ல முடியும். விளையாடத் தொடங்கிய புதிதில், திரட்டிய படை முழுவதையும் ஒரே வயல்வெளியில் நிறுத்தி, ஒற்றைக் குதிரைக்காரனிடம் மொத்தத்தையும் பறிகொடுத்தாள் ஜெமிமா. அதற்குப் பிறகு அவளுடைய படை கோட்டையை விட்டு வெளியே கால் வைத்ததில்லை.

அதே விதிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எதிராளியின் கண்ணுக்கு, அடுக்கின் மேலே நிற்பவன் மட்டும்தான் தெரிவான். கீழே ஆள் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக மூலையில் ஒரு கூட்டல் குறி இருக்கும். அந்தக் குறிக்குக் கீழே யார், எத்தனை பேர் என்பது அடுக்கியவருக்கும் அவருடைய கூட்டாளிக்கும் மட்டுமே வெளிச்சம்.

உச்சிமாகாளி இந்த விதியை வைத்து ஜாலம் காட்டினான். மேலே ஒரு நோஞ்சானை நிறுத்திவிட்டுக் கீழே ஒன்றுமே இல்லாத வண்டிகளைக் குவித்து வைப்பான். பெரிய படை என்று பயந்து நாம் சுற்றிக்கொண்டு போனால், வேறு பக்கமாக வந்து அடிப்பான். ஜெமிமா அவனைத் திட்டினாள். ஆனால் திட்டுகிற அதே மூச்சில், "மூளக்காரண்டி அவன். இந்த ஆட்டத்துலயே ஒயுங்கா ஆடத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான்" என்பாள்.

"அப்ப நானு?" என்று ஒரு தடவை ரிஃபானா கேட்டாள்.

"நீ என்கூட கீற இல்ல? அது போதும்."

ரிஃபானா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜெமிமா அதைக் கவனிக்கவில்லை.

ஐப்பசி மழையில் தேவப்பிரியத்துக்கு நெஞ்சுவலி வந்தது. மண்டியில் மூட்டைமேல் சாய்ந்தவரை அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ரத்தக் குழாயில் அடைப்பு, நெஞ்சைத் திறந்து அறுவை செய்ய வேண்டும் என்றார்கள். ஜெமிமாவுக்கு அம்மா இல்லை. அண்ணன் ஆன்றோ கப்பல் வேலைக்குப் போய் நடுக்கடலில் எங்கேயோ இருந்தான். வார்டுக்கும் மருந்துக்கடைக்கும் ரத்த வங்கிக்கும் அவள் ஒருத்தியே அலைந்தாள்.

அந்த நாட்களில் ரிஃபானா செய்ததை ஜெமிமாவால் பிற்பாடு எவ்வளவு முயன்றும் மறுக்க முடியவில்லை. அலுவலகத்தில் பேசி விடுப்பு வாங்கிக் கொடுத்தாள். தன் தம்பியையும் அவன் நண்பர்களையும் இழுத்து வந்து ரத்தம் கொடுக்க வைத்தாள். அவள் அம்மா காத்தூன் பீவி தினமும் கஞ்சியும் துவையலும் கட்டிக் கொடுத்தனுப்பினார். அப்படி ஒரு மதியம் வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஜெமிமாவுக்கு விளையாட்டு ஞாபகம் வந்தது.

"ரெண்டு நாளா தொறக்கவே இல்ல. நாடு போச்சுன்னு நெனக்கிறேன்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது" என்றாள் ரிஃபானா. "பாஸ்வேர்டு குடு. நீ அப்பாவ பாரு, ஆட்டத்த நா பாத்துக்கறேன். படையெல்லாம் கோட்டைக்குள்ளதானே குந்திகினு கீது? சொம்மா வெச்சிகினு இருந்தா போதும்."

ஜெமிமா ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னாள். வீட்டுச் சாவி, ஏ.டி.எம். கார்டு, அப்பாவின் மாத்திரைச் சீட்டு எல்லாம் அவளிடம்தான் இருந்தன. இது எந்த மூலைக்கு?

அறுவை நடந்த நாளில் இருவரும் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெமிமாவுக்கு வாய் பைபிள் சங்கீதம் சொல்லிக்கொண்டிருந்தது, மனது எங்கேயோ இருந்தது. ரிஃபானா அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். மாலையில் டாக்டர் வெளியே வந்து "நல்லா இருக்கார்" என்றபோது இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

தேவப்பிரியம் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஜெமிமா விளையாட்டைத் திறந்தாள். ராயபுரம் என்ற நாடே காணோம். கோட்டைமேல் உச்சிமாகாளியின் சிவப்புக் கொடி பறந்தது. இரண்டு வருடமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த படை முழுவதும் போயிருந்தது. மேற்கு மூலையில் ஒரு சின்ன ஊரும் ஒரு குதிரைக்காரனும் மட்டும் மிச்சம்.

ரிஃபானாவுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் ஏற்கெனவே அழுகை.

"மன்னிச்சிருடி. தெற்குப் பக்கம் கப்பல் வந்துகினு இருந்துச்சு, தடுக்கலாம்னு படையை வெளிய எடுத்தேன். ஒரே ஒரு முறைதான். அந்த நேரம் பாத்து அவன் அடிச்சிட்டான். மொத்தமும் பூட்ச்சி."

"ஏய், வுடு. போனா போவுது. எங்கப்பா இருக்காருல்ல?" என்று ஜெமிமா அவளைத் தேற்றினாள். தேற்றியது மட்டுமா? வெளியே படையை எடுத்தது சரியான யோசனைதான், அவள் இடத்தில் தான் இருந்தாலும் அதையே செய்திருப்பாள் என்று பொய்கூடச் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரிஃபானா ஆட்டுக்கால் சூப் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தேவப்பிரியம் குடித்துவிட்டு உள்ளறையில் படுத்தார். முன்னறையில் இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். ஜெமிமா போனில் மிச்சமிருந்த அந்தக் குதிரைக்காரனைக் காட்டிச் சிரித்தாள்.

"இவன வெச்சிகினு நா இன்னா பண்றது? நாட்ட கலைச்சிட்டுப் போயிடலாம்னு பாக்கறேன்."

"கலைக்காத" என்றாள் ரிஃபானா அவசரமாக. வரைபடத்தை விரலால் தள்ளி, ஜெமிமாவின் சின்ன ஊருக்குப் பக்கத்திலிருந்த ஒரு குன்றைக் காட்டினாள். அங்கே சிவப்புக் கொடியோடு ஓர் ஈட்டிக்காரன் நின்றிருந்தான். மூலையில் கூட்டல் குறி. "இத அடி. தடுக்கறவன் மேல இவன் ஒருத்தன்தான். கீழ அவனோட பீரங்கி அத்தினியும் இங்கதான் கெடக்குது. கூட தளபதி வேற. ஈட்டிக்காரன் செத்தா மொத்தமும் காலி. அப்புறம் அவன் எய்ந்திரிக்கவே முடியாது."

ஜெமிமா குன்றைப் பார்த்தாள். பிறகு ரிஃபானாவைப் பார்த்தாள்.

"கீழ பீரங்கி கீதுன்னு உனக்கு எப்டி தெரியும்?"

ரிஃபானாவின் விரல் திரையிலேயே நின்றுவிட்டது.

"சொம்மா... ஒரு கணக்குல சொன்னேன்."

"தளபதி கீறதும் கணக்கா?"

தெருவில் மீன்காரம்மா கூவிக்கொண்டு போனாள். ரிஃபானா துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். ஏதாவது ஒரு பொய் சொல்லிவிட மாட்டாளா என்று ஜெமிமாவுக்கு இருந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள்.

"நாந்தான்" என்றாள் ரிஃபானா. "உச்சிமாகாளி நாந்தான்."

யார்டுக்கு வருகிற ஒரு லாரி டிரைவரின் பெயராம் அது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் இன்னொரு கணக்கு தொடங்கியபோது சட்டென்று வாயில் வந்த பெயரைப் போட்டிருக்கிறாள்.

"எதுக்குடி?"

"உன்கூட ஆடறப்போ எல்லாம் நீதான் முடிவு பண்ணுவ. எங்க கோட்டை கட்டணும், யாரோட சண்டை, எல்லாமே நீதான். நா உன் பின்னால நின்னுகினு இருப்பேன். தனியா ஆடுனா எப்டி இருக்கும்னு பாக்கலாம்னுதான் ஆரம்பிச்சேன். ஒரு வாரத்துல சொல்லிடலாம்னு நெனச்சேன். அப்புறம் நீ அவன மூளக்காரன்னு சொன்ன. என்னிய ஒரு நாளும் அப்டி சொன்னதில்ல. அத கேக்க நல்லா இருந்துச்சு. அத்தொட்டு சொல்லல."

ஜெமிமாவுக்கு முகம் சுட்டது. ரயிலில் தினமும் அவள் வாய்விட்டுப் போட்ட திட்டங்கள், எந்த வழியாகக் கப்பல் அனுப்பலாம், எந்தக் காவல் பலவீனம் என்று கேட்ட கேள்விகள், எல்லாவற்றுக்கும் தலையாட்டிய இந்த முகம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. தோன்றியவுடன் அடுத்தது உறைத்தது.

"என் படைய வெளிய எடுத்தது?"

"பாஸ்வேர்டு வாங்குனப்போ சத்தியமா காப்பாத்தத்தான் வாங்குனேன். உள்ள போய் பாத்தேன். கோட்டைல அத்தினி பேரு. அவங்கள வெளிய ஒரு கட்டத்துல நிறுத்திட்டா ஒரே அடி. அது மண்டைல ஏறிப்போச்சு, எறங்கவே இல்ல. பண்ணிப் பாத்துட்டேன்."

"என்னிக்கி?"

ரிஃபானா போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

"என்னிக்கிடி பண்ண?"

"ஆபரேஷன் அன்னிக்கி."

ஜெமிமாவின் இடது கை தானாகவே மடியிலிருந்து நகர்ந்து பின்னால் போனது. இந்தக் கையை அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மற்றொரு கையில் போன் இருந்தது. வீட்டுக்குத் தகவல் சொல்கிறாள் என்று ஜெமிமா நினைத்திருந்தாள்.

கத்த வேண்டும் போலிருந்தது. உள்ளே தையல் போட்ட நெஞ்சோடு அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

"எய்ந்து போ" என்றாள் மெதுவாக.

"ஜெமி, நா சொல்றத..."

"போயிடு ரிஃபானா."

தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு ரிஃபானா செருப்பு மாட்டும் சத்தத்தில் தேவப்பிரியம் விழித்துக்கொண்டார். "ஏம்மா, அந்தப் பிள்ளைக்குக் காப்பி குடுத்தியா?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"குடுத்துட்டேம்ப்பா."

திங்கட்கிழமை ஜெமிமா ரயிலில் வழக்கமான பெண்கள் பெட்டியில் ஏறவில்லை. கூட்டத்தோடு கூட்டமாகக் கடைசிப் பெட்டியில் கம்பியைப் பிடித்து நின்றபடி போனைத் திறந்தாள். குன்று அப்படியே இருந்தது. காவலை மாற்ற ரிஃபானாவுக்கு ஒரு ராத்திரி முழுக்க நேரம் இருந்திருக்கிறது. மாற்றவில்லை. ஜெமிமா தன்னிடமிருந்த ஒரே குதிரைக்காரனைக் குன்றின்மேல் ஏவினாள். ஈட்டிக்காரன் விழுந்தான். அவனோடு பீரங்கிகள் ஒவ்வொன்றாகத் திரையில் பெயர் காட்டி அழிந்தன, கடைசியில் தளபதி. ரிஃபானா சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. எத்தனையோ மாதங்களாகக் காத்திருந்த வெற்றி அது. அவள் போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

ஒரே ஆள் இரண்டு கணக்கு வைத்து ஆடக்கூடாது என்பது அந்த விளையாட்டில் கறாரான சட்டம். நடத்துகிறவர்களுக்குப் புகார் எழுத உட்கார்ந்தாள். எழுத எழுத, பாஸ்வேர்டைத் தானே கொடுத்ததையும் எழுத வேண்டி வந்தது. அதுவும் குற்றம்தான். எழுதியதை அழித்தாள். இரண்டு நாள் கழித்து, ஒரே மாலையில் காசிமேடும் உச்சிமாகாளியின் நாடும் ஆளில்லாமல் கைவிடப்பட்டன. என்ன ஆச்சு, ஏன் ஆச்சு என்று மற்ற ஆட்டக்காரர்கள் பேசித் தீர்த்தார்கள். ஜெமிமா வாயே திறக்கவில்லை.

அலுவலகத்தில் பைல்கள் இருக்கும் அறைக்குப் பக்கத்து மேசையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வெளிச்சம் போதவில்லை என்று காரணம் சொன்னாள். உண்மையில் புது இடம்தான் இருட்டு. மேலாளர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சரி என்றார்.

மாதக் கடைசியில் ரிஃபானாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தாள். ஜெமிமா வெகுநேரம் கழித்துப் பதில் போட்டாள்: "வந்து பாத்துட்டுப் போ. நான் இருக்க மாட்டேன்."

சொன்னபடியே அந்த ஞாயிறு காலை ஆராதனை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் கடற்கரைச் சாலைப் பக்கம் நடந்தாள். அலைத்தடுப்புக் கற்களுக்கு அந்தப் பக்கம் விசைப்படகுகள் வரிசையாகத் துறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. இப்படிப்பட்டதையெல்லாம் அவள் இதுவரை ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது தேவப்பிரியம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பிள்ள வந்துட்டுப் போச்சும்மா. உக்காந்து ஒரே அழுக. என்னன்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்குது. உங்க ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"வெளையாட்டுல ஒரு சண்டைப்பா."

"எது, அந்த போன் வெளையாட்டா?" தேவப்பிரியம் சிரிக்கப் பார்த்தார், நெஞ்சு இழுத்துப் பிடித்தது, கையை வைத்துக்கொண்டார். "நல்ல பிள்ளைங்க போங்க. அதுக்குப் போயி யாராவது பேசாம இருப்பாங்களா? எனக்காக எம்புட்டு ஓடுச்சு அந்தப் பிள்ள!"

"ஆமாப்பா, ஓடுனா" என்றாள் ஜெமிமா.

அவருடைய மத்தியான மாத்திரையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனாள். குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. ஆனாலும் சிறிது நேரம் அங்கேயே நின்றாள்.