பச்சைக் கட்டைப் பிடி

அண்ணன் கிஷாந்தின் முகத்தில் முழிப்பதே வினோதாவுக்குப் பிடிக்காது. அன்றைக்கு அவனோடு ஒரே மேசையில் உட்கார வேண்டியதாயிற்று. அவளுடைய காப்புரிமை மேன்முறையீட்டை விசாரிக்கும் கொழும்பு அதிகாரி காணொளித் திரையில் வந்தார். ஹட்டனில் அதற்குக் கிடைத்தது அந்த ஓர் அறைதான்.

வழக்கு கவ்வாத்துக் கத்தியைப் பற்றியது. தேயிலைச் செடியை வெட்ட வெட்டக் கத்தியின் பிடி ஆடிப்போகும். பச்சைக் கட்டையில் பிடி போட்டால் காயும்போது சுருங்கி இறுகும், ஆனால் வெடித்துவிடும். வினோதா அதை ஃபேக்டரிக் கழிவுத் தேயிலைத்தூளில் புதைத்து மெல்லக் காயவைத்தாள். வெடிக்கவில்லை. காப்புரிமை கேட்டாள்.

இது எந்தப் பட்டறைக்காரனுக்கும் தானாகத் தோன்றுகிற வேலை, நானே முன்பு பச்சைக் கட்டையில் இப்படிப் பிடி போட்டுத் தோட்டங்களுக்குக் கொடுத்தேன் என்று கிஷாந்த் சாட்சி சொல்ல, விண்ணப்பம் தள்ளுபடியானது. மேன்முறையீட்டிலும் தோற்றால் அவனுடைய பெரிய பட்டறை அவள் முறையிலேயே கத்தி செய்து குவிக்கும். அவள் தன் சின்னக் கத்திக்கடையை மூட வேண்டியதுதான். கூடப்பிறந்தவனுக்கு அவ்வளவு நல்ல மனசு.

அன்றும் அதே பொய்யைக் கூசாமல் சொன்னான். வினோதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கந்தப்பளையில அழகுமுத்து மாமா காலை வெட்டுன கத்தியும் பச்சைக் கட்டைப் பிடிதான். பிடி வெடிச்சுத்தான் தெறிச்சிச்சு. அப்ப அது நீ செஞ்சதாண்ணே?”

அந்த விபத்துக்குத் தோட்டத் தொழிலாளி அழகுமுத்து நஷ்டஈடு கேட்டபோது, கத்தி தன்னுடையதே இல்லை என்று சாதித்தவன் கிஷாந்த். இன்றைக்கு அவன் வாயாலேயே ஒத்துக்கொள்ள வைக்கிறேன் என்று சொல்லி, அழகுமுத்துவைக் கூட்டிவந்து கீழே தேநீர்க்கடையில் உட்காரவைத்திருந்தாள்.

அதிகாரி சிங்களத்தில் அதையே கேட்டார். ஆப்பசைத்த குரங்கு மாதிரி கிஷாந்த் விழித்தான். அவனை மாட்டிவிடும் வேகத்தில் தான் யோசிக்காதது அப்போதுதான் வினோதாவுக்கு உறைத்தது. அவன் ஆமாம் என்றால் அழகுமுத்துவுக்கு நியாயம் கிடைக்கும்; முன்பே செய்தேன் என்ற அவன் சாட்சியும் உண்மையாகிவிடும், அவள் வழக்கு போய்விடும். இல்லையென்று சொல்லு, இல்லையென்று சொல்லு என்று மனசு அடித்துக்கொண்டது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் அதைத்தான் வேண்டினாள்.

“நான் பச்சைக் கட்டையில கத்தியே செஞ்சதில்லீங்க,” என்றான் கிஷாந்த்.

அவன் சாட்சியம் அத்தோடு செத்தது. இது யாருக்கும் தானாகத் தோன்றியதாகக் காட்ட வேறு ஆதாரம் இல்லை என்று அதிகாரி மேன்முறையீட்டை ஏற்றுக்கொண்டார்.

கீழே அழகுமுத்து ஊன்றுகோலோடு எழுந்து நின்றார்.

“ஒத்துக்கிட்டானா புள்ள?”

“இல்லன்னுட்டான் மாமா. அதனாலதான் நான் ஜெயிச்சேன்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் ஒரு வயித்துப் புள்ளைங்கதான்,” என்று சொல்லிவிட்டு, பஸ் நிற்கும் பக்கம் நொண்டி நொண்டி நடந்தார்.