நாலு நிமிஷம் என்று சொன்னவள்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு ஏழாம் இருக்கை. பதினோரு வருடமாக அதே இடம் என்பதால் கூட வேலை செய்பவர்களுக்கு அவள் பெயரே ‘ஏழு’ ஆகிவிட்டது. ஏழு சாப்பிட்டாச்சா, ஏழுக்கு இன்னிக்கு லீவு என்றுதான் பேச்சு. மறுமுனையில் அலறுகிறவர்களிடம் விலாசத்தை வாங்கி, வண்டி போய்ச் சேரும்வரை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பது வேலை. அப்போது அவள் குரலில் துளி நடுக்கம் இருக்காது. ஹெட்போனைக் கழற்றிய பிறகுதான் பதற்றமெல்லாம். பஸ் பத்து நிமிடம் தாமதமானாலே நாலு பேரிடம் விசாரித்துவிடுவாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு முறை அடித்தும் அவர் போனை எடுக்காவிட்டால், லிஃப்ட் அறுந்து விழுந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிடுவாள்.

அந்தப் பதற்றம் பாடும்போது மட்டும் கொஞ்சம் இறங்கும். பள்ளி நாட்களில் ரேடியோவில் சோல் பாட்டுகளைக் கேட்டுச் சொக்கிப்போனவள் அவள். அமெரிக்காவில் தேவாலயத்தில் கூடிப் பாடிய கறுப்பின மக்களின் துயரத்திலிருந்து வந்த இசை அது. அதில் குரல் உடையலாம், மூச்சு வாங்கலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அந்தப் பாணியில் தன் மொழியிலேயே வார்த்தை கட்டி, பாத்திரம் கழுவும்போது பாடிக்கொள்வாள்.

அதை ஒருநாள் நாத்தனார் சத்தமில்லாமல் போனில் பதிவு செய்துவிட்டாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவளுக்கு எதையும் ஆறப்போடத் தெரியாது. மூன்று வாரம் கழித்து வந்து நின்றாள்.

“அண்ணி, கோவப்படக் கூடாது. உங்களை செலக்ட் பண்ணிட்டாங்க.”

“எதுக்கு?”

“டிவியில பாடறதுக்கு. பெரிய போட்டி.”

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. போகமாட்டேன் என்று சொல்லிச் சொல்லியே போனாள்.

முதல் சுற்றில் பாடி முடித்ததும் நடுவர்களில் ஒருவர் கேட்டார், “இவ்வளவு நாளா இந்தக் குரலை எங்க வெச்சிருந்தீங்க?”

“போன்ல,” என்றாள் அவள். நிஜமாகவே அதுதான் பதில் என்று நினைத்தாள். அரங்கம் சிரித்தது. அந்தப் பத்து வினாடியை ஊரெல்லாம் பார்த்தது. அடுத்த வாரம் பஸ்ஸில் இருவர் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவசர உதவிக்குக் கூப்பிட்டால் பேசும் குரலுக்கு இப்போது ஒரு முகம் வந்துவிட்டது.

அரையிறுதி முடிந்ததும் தயாரிப்பாளர் அம்மாள் ஒரு கட்டுக் கடிதங்களைக் கொடுத்தாள். ரசிகர்கள் எழுதியவை. ஒன்றில் நாலே வரி.

‘உங்கள் குரல் எனக்குத் தெரியும். போன வருடம் என் கணவர் மயங்கி விழுந்த காலையில் என்னிடம் பேசியது நீங்கள்தான். நாலு நிமிஷத்தில் வந்துவிடுவார்கள் என்றீர்கள். உங்களைப் பார்க்க வேண்டும்.’ கீழே ஒரு போன் நம்பர்.

கோபமா அன்பா என்று அந்த எழுத்திலிருந்து பிடிபடவில்லை. அவளுக்கு அந்தக் காலை அப்படியே நினைவிருந்தது. வண்டி நாலு நிமிடத் தொலைவில் இருப்பதாகத் திரை காட்டியது. நேரம் சொல்லி வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது அலுவலக விதி. ஆனால் அந்தப் பெண் அழுத அழுகையில் வாய்தவறி வந்துவிட்டது. அரை நிமிடத்தில் பாலத்தில் ஒரு லாரி கவிழ்ந்து வழி அடைபட, திரையில் எண் பன்னிரண்டாக மாறியது. அதை அவள் சொல்லவில்லை. “நெஞ்சை அழுத்துங்க, விடாம அழுத்துங்க, வந்துட்டே இருக்காங்க” என்று சொல்லி, ஒன்று இரண்டு என எண்ணிக்கொண்டே இருந்தாள். வண்டி போய்ச் சேரப் பதிமூன்று நிமிடம் ஆயிற்று. அவர் பிழைக்கவில்லை.

கடிதத்தை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். மூன்று நாள் கணவரிடமும் மூச்சுவிடவில்லை. ஒத்திகையில் மேல்சுரத்தில் குரல் அடைத்தது. நாலாம் நாள் தயாரிப்பாளர் தனியே அழைத்தாள்.

“அந்த லெட்டரை நாங்களும் படிச்சோம். ஃபைனல்ல அவங்களை மேடைக்குக் கூட்டிட்டு வரலாம்னு இருக்கோம். அன்னிக்கு நீங்க அவங்களுக்குத் துணையா இருந்தீங்க இல்ல? அழகா இருக்கும்.”

“அவர் இறந்துட்டாருங்க.”

“தெரியும். அதனாலதான்...” என்று தொடங்கியவள், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். “மேலிடத்துல பேசிட்டுச் சொல்றேன்.”

அந்தப் பெண் மேடையில் மைக்கைப் பிடித்து, நாலு நிமிஷம்னு ஏன் பொய் சொன்னீங்க என்று கேட்பதுபோல அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பல் தேய்க்கும்போதும் அதே, பஸ் படியில் கால் வைக்கும்போதும் அதே. இறுதிச் சுற்றுக்கு ஐந்து நாள் இருந்தபோது கடிதத்தை எடுத்து, அந்த நம்பருக்கு அவளே போன் செய்தாள்.

மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து வடிவாக்கும் வேலை அந்தப் பெண்ணுக்கு. ஐம்பது வயதிருக்கும். கடையின் பின்னறையில், தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

“உட்காருங்க. டிவியில கொஞ்சம் குண்டாத் தெரியறீங்க.”

அவள் உட்கார்ந்தாள்.

“ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும்,” என்றாள் அந்தப் பெண். “நாலு நிமிஷம்னு சொன்னீங்களே, அது அப்படி இல்லைன்னு அப்பவே தெரியுமா?”

“சொல்லும்போது தெரியாதுங்க. அரை நிமிஷத்துல தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறமும் சொல்லல.”

“ஏன்?”

“சொன்னா மனசு விட்டுப்போய் அழுத்தறதை நிறுத்திடுவீங்களோன்னு பயந்துட்டேன்.”

அந்தப் பெண் மேசையில் கிடந்த ஒரு வில்லையை எடுத்துத் துணியால் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

“எங்க கீழ்வீட்டுல ஒரு நர்ஸம்மா குடியிருந்தாங்க. கதவைத் திறந்து ஒரு குரல் கொடுத்திருந்தா ஓடி வந்திருப்பாங்க. நாலு நிமிஷந்தானே, இதோ வந்துடுவாங்கன்னு கூப்பிடாம இருந்துட்டேன்.”

இப்படி ஒன்று இருக்கும் என்று இத்தனை நாளில் பாடகி ஒருதரம்கூட நினைக்கவில்லை.

“வந்திருந்தா பிழைச்சிருப்பாரான்னு டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாதுன்னுட்டார். உங்க மேல எனக்குக் கோவமான்னு எனக்கே தெரியலம்மா. ஆனா உங்க பாட்டு ஒண்ணையும் விடறதில்ல. உட்கார்ந்து முழுசாக் கேக்கறேன்.”

“மன்னிச்சிடுங்கன்னு கேக்கக்கூட...”

“கேக்காதீங்க. கேட்டா நான் ஏதாவது சொல்லணும்.” அவள் எழுந்துகொண்டாள். “அந்த டிவிக்காரங்க கார் அனுப்பறேன்னாங்க. வரலைன்னுட்டேன். நான் அழறதை ஊருக்குக் காட்டணும்னு என்ன தலையெழுத்தா?”

மறுநாள் காலை வேலைக்குப் போனதும், அவள் நேரே மேற்பார்வையாளர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பழைய ஒலிப்பதிவை எடுத்துக் கேட்டார். முழுவதும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“இதைச் சொல்லலைன்னா எனக்குத் தெரியாமலே போயிருக்கும், ஏழு.”

“தெரியும் சார்.”

விசாரணை முடியும்வரை போனைத் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். வீட்டில் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இன்னும் நாலு நாளு. ஃபைனல் முடிஞ்சப்புறம் சொல்லியிருக்கக் கூடாதா?”

“முடிஞ்சப்புறம் சொல்லாமலே விட்டுடுவேனோன்னு பயமா இருந்துச்சுங்க.”

அவர் காபி போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

இறுதிச் சுற்றன்று திரைக்குப் பின்னால் நிற்கும்போது, முன்வரிசையில் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருப்பது தெரிந்தது. அந்தப் பெண் வரலை என்றுதானே சொன்னாள்? மனம் மாறிவிட்டதா? கடைசி நேரத்தில் டிவிக்காரர்கள் எதையாவது சொல்லி அழைத்து வந்துவிட்டார்களா? யாரையாவது கேட்கலாம் என்று திரும்புவதற்குள் அறிவிப்பாளர் அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

ஆர்கன் வாத்தியம் மட்டும் மெதுவாகத் தொடங்கியது. முதல் வரியை ஒத்திகையில் பாடியபடி இழுக்காமல், பேசுவதுபோலச் சொன்னாள். காத்திருக்கிற ஒருத்தியைப் பற்றி அவளே எழுதிய பாட்டு அது. இரண்டாவது சரணத்தில் மேல்சுரத்துக்கு ஏறும்போது குரல் உடைந்தது. பிறகு அந்த உடைந்த இடத்திலேயே நின்று, அதே வரியை மறுபடி எடுத்தாள், இன்னும் மெல்ல. மூன்றாவது முறை எடுத்தபோது குரல் தானாக மேலே போய்விட்டது. பின்னால் நின்று கூடப் பாடிய நாலு பேரும் தங்கள் பகுதியை மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாதியில் ஒருவர் குனிந்தபடி வந்து அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்த போட்டோக்காரர். அதைப் பார்த்தபோது நிம்மதியாகவும் இருந்தது, நெஞ்சில் எதுவோ குறைந்தது போலவும் இருந்தது.

ஓட்டு எண்ணி, அவள்தான் முதலிடம் என்று அறிவித்தார்கள். மேலே இருந்து வண்ணக் காகிதம் கொட்டியது. நாத்தனார் மேடையேறி, பரிசுக்கோப்பையை இவளுக்கு முன் வாங்கிக்கொண்டாள்.

விசாரணை மூன்று வாரத்தில் முடிந்தது. விதியை மீறியதற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், வேலைக்குத் திரும்பலாம். நாத்தனார் வேண்டாம் என்று சொல்லியும் அவள் போனாள். முதல் நாள் நாலாவது அழைப்பு. தன் அப்பா மாடிப்படியில் உருண்டு விழுந்துவிட்டதாக ஒருவர் பதறினார்.

“விலாசம் சொல்லுங்க.”

மறுமுனை சட்டென்று அமைதியானது. “நீங்க அந்த டிவியில பாடினவங்கதானே?”

“விலாசம் சொல்லுங்க சார்.”

“இல்ல, குரல் அப்படியே இருக்கேன்னு... எங்க வீட்டுல எல்லாருமே உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டோம்...”

பெரியவருக்குக் கால் எலும்பு முறிந்ததோடு போயிற்று. சாயங்காலம் பதிவை மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து கேட்டாள். அவளை அடையாளம் கண்டு பேசியதில் ஒன்பது வினாடி வீணாகியிருந்தது. அவள் ராஜினாமா எழுத ஒரு வெள்ளைத்தாள் கேட்டாள்.

“ஒன்பது செகண்டுக்கா வேலையை விட்ட?” என்றார் கணவர்.

“ஒன்பது செகண்டு ரொம்ப ஜாஸ்திங்க. உங்களுக்குத் தெரியாது.”

அடுத்த மாதம் வேறு ஊரில் அவளுடைய முதல் தனிக் கச்சேரி. தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒப்பனை அறையில் உட்கார்ந்திருந்தாள்.

“ஹால் பாதி காலியாத்தானே இருக்கு?”

“அண்ணி, உட்கார இடமில்லாம நிக்கறாங்க.”

“ஐயையோ,” என்றாள். வாத்தியங்கள் தொடங்கிவிட்டன. எழுந்து, கைகளைப் புடைவையில் துடைத்துக்கொண்டு, மேடையை நோக்கி நடந்தாள்.