சோற்றோடு தண்ணீர்

சுடலைமணியின் படத்துக்கு முன்னால் விரித்த இலையில் சந்தனமாரி சோறு வைத்துக்கொண்டிருந்தாள். நேற்று எரித்த அவள் புருஷனின் சாம்பலை ஆம்பிளைகள் காலையில் தாமிரபரணியில் கரைத்துவிட்டு வந்திருந்தார்கள். அவனுக்குப் படைத்த பிறகுதான் மற்றவர்கள் கை நனைக்க வேண்டும்.

ஒரு கரண்டி வைத்ததும் கை நின்றுவிட்டது. பழக்கதோஷம்.

சுடலைமணியின் அக்காள் பிச்சைக்கண்ணு கரண்டியைப் பிடுங்கினாள்.

"இப்பமும் அளந்துதான் வைப்பியாட்டி? சாவுத வரைக்கும் எந்தம்பியப் பட்டினி போட்டது காணாதா?"

வீடு நிறைய ஆள். வாய்க்கரிசி போடும்போதே அந்தப் பேச்சு கிளம்பியிருந்தது. தூக்கியவர்கள் பாடையில் கனமே இல்லை என்றார்களாம்.

சந்தனமாரி என்னத்தைச் சொல்ல? புருஷனுக்குக் கட்டி வந்து இரைப்பையில் பாதிக்குமேல் வெட்டி எடுத்ததிலிருந்து, ஒரு கை கூடுதலாகத் தின்றாலும், இனிப்பு தின்றாலும், அது நேரே குடலுக்குள் இறங்கிவிடும். உடம்பெல்லாம் வேர்க்கும், நெஞ்சு படபடக்கும், கக்கூசுக்கு ஓடுவான். போன பொங்கலுக்கு அக்காள் வீட்டில் ஆசையாகப் பாயசம் வாங்கிக் குடித்தவன், ஸ்ரீவைகுண்டம் பஸ் ஸ்டாண்டில் வேட்டியோடு கழிந்துவிட்டு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். அக்காளிடம் மட்டும் சொல்லிவிடாதே, தன் கையால் கொடுத்தது என்று தெரிந்தால் தாங்கமாட்டாள் என்றான். அதற்குப் பிறகு அக்காள் விருந்துக்குக் கூப்பிட்டபோதெல்லாம் சந்தனமாரிதான் சாக்குச் சொன்னாள். கஞ்சப்பிசினாரி என்ற பெயரும் அவளுக்குத்தான் கிடைத்தது. கட்டி ஈரலுக்குப் பரவித்தான் உயிர் போயிற்று. டாக்டர் சொன்னதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

பாவி மனுஷன், போகிறபோதும் அவள் வாயைக் கட்டிவிட்டுப் போய்விட்டான்.

பிச்சைக்கண்ணு சோற்றைக் குவித்துக் குழம்பை ஊற்றினாள். தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாயசத்தையும் விட்டாள். "தின்னுலே ராசா, வயிறு நெறயத் தின்னு" என்று அழுதாள். பிறகு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து இலையோரம் வைத்தாள்.

சந்தனமாரி யோசிக்கவே இல்லை. சட்டென்று செம்பை எடுத்துவிட்டாள்.

"சோத்தோட தண்ணி குடிச்சா அவியளுக்குக் கெறக்கம் வந்துரும், மைனி. தின்னுட்டுக் கொஞ்ச நேரம் பைய படுத்துக் கெடக்கட்டும். பொறவு குடுப்போம்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது.

பிச்சைக்கண்ணு அவளையே பார்த்தாள். செம்பை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பசியோடு நின்றவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையமர்த்தினாள்.