இடது பக்க ஜன்னல்

பேருந்தின் ஜன்னலோர இருக்கையில் நொலீன் குனிந்து அப்பாவின் இடுப்புக்குக் குறுக்கே பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் கிளெனிஸ் பக்கத்தில் வந்து நின்றாள்.

"யோவ் க்ளெம், உன்னைப் பாத்தா உலுரு வரைக்கும் தாங்குவேன்னு தோணலையே. உன்னை ஏத்தினா என் வேலை போயிரும்."

"டிக்கெட் வாங்கியிருக்கேன்," என்றார் க்ளெம். மூச்சு இரைத்தது. "வண்டிய எடு. நாலு நிமிஷம் லேட்டு."

ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து பாலைவனத்து உலுரு பாறைக்குச் சுற்றுலாப் பேருந்தை இருபத்தாறு வருடம் ஓட்டியவர் அவர். கல்லீரலில் வந்த புற்று உடம்பெல்லாம் பரவிவிட்டது, இனிச் சில நாள்தான் என்று நேற்று டாக்டர் சொன்னார். டாக்டர் வெளியே போனதும் க்ளெம் தன் கையிலிருந்த ஊசியைத் தானே பிடுங்கிப் போட்டார்.

"இத்தனை வருஷமும் ரோட்டையே பாத்துட்டிருந்தேன் நொலீன். ஒரு தடவை ஜன்னலோரம் உக்காந்து பக்கவாட்டுல பாக்கணும்."

சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போவதாக மருத்துவமனை நீட்டிய தாளில் நொலீன் கையெழுத்துப் போட்டாள்.

ஊரைத் தாண்டியதும் அடிலெய்டிலிருந்து தம்பி பாரி கூப்பிட்டான். "உனக்கென்ன பைத்தியமா? வழியில ஏதாவது ஆச்சுன்னா?"

"படுக்கையில கெடந்தா மட்டும் ஆகாதா?" என்று கேட்டுவிட்டு போனை அணைத்தாள்.

செம்மண் ஓடியது. க்ளெம் இடது பக்க ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்திருந்தார். "இந்தச் சவுக்கெல்லாம் இவ்வளவு ஒசரமா?" என்றார் ஒருமுறை.

மூன்றரை மணி நேரம் கழித்து, தட்டையான ஒரு மலை எழும்பியது. பயணிகள் கேமராவோடு எழுந்தார்கள். "உலுரு! உலுரு!"

க்ளெம் சிரித்தார். சிரிப்பு இருமலானது. "அது கானர் மலைய்யா! எல்லாரும் இங்கதான் ஏமாறுவாங்க." முன் இருக்கைக்காரர் அசடு வழிந்து உட்கார்ந்தார்.

கிளெனிஸ் வண்டியை ஓரம் கட்டினாள். எதிர்ப்புற மணல்மேட்டில் ஏறினால் உப்பு ஏரி தெரியும். எல்லோரும் இறங்கிப் போனார்கள்.

"நீயும் போய்ப் பாரேன்."

"பாத்திருக்கேன்ப்பா." அவள் பார்த்ததில்லை.

அவர் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுவும் நல்லாத்தான் இருக்கு," என்றார்.

நெற்றியை மறுபடி கண்ணாடியில் சாய்த்தார். கண்ணாடியில் படிந்திருந்த மூச்சின் ஈரம் சுருங்கிச் சுருங்கி மறைந்தது. மறுபடி படியவில்லை.

கிளெனிஸ் வந்ததும் புரிந்துகொண்டாள். அவர் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள்.

"ரேடியோல சொல்லணும். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் இங்கயே நில்லும்பாங்க."

"ரோட்டோரத்துல கெடக்க எங்கப்பா என்ன அடிபட்ட கங்காருவா? உலுருவுக்குத்தான் டிக்கெட். ஓட்டுங்க."

"நொலீன்..."

"கேட்டா, அவர் தூங்குறார்னு நான் சொன்னதாச் சொல்லுங்க. என்னைப் புடிச்சுட்டுப் போகட்டும்."

மணலைத் தட்டிக்கொண்டு பயணிகள் திரும்பும் பேச்சுச் சத்தம் நெருங்கியது.

"கண்ணையாவது மூடி விடு," என்றாள் கிளெனிஸ்.

"வேணாம். பாக்கட்டும்."

கிளெனிஸ் தன் இருக்கையில் ஏறி, திரும்பி வந்த பயணிகளின் தலைகளை எண்ணிவிட்டு, கதவை மூடினாள். ரேடியோவைத் தொடவில்லை.

இருபது கிலோமீட்டர் போயிருக்கும். சாலையின் குறுக்கே காட்டு ஒட்டகங்கள் வந்தன. கிளெனிஸ் பிரேக்கை அழுத்தினாள். நொலீனின் கை தானாக நீண்டு அப்பாவின் மார்பைத் தடுத்துப் பிடித்தது.

எல்லோரும் எழுந்து படம் எடுத்தார்கள். கடைசி ஒட்டகம் அவசரமில்லாமல் கடந்து போனது. பேருந்து மறுபடி வேகமெடுத்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.