மூத்தவள் வாங்கிய கம்பளி

செத்துப்போனவள் மேல் பொறாமைப்பட முடியுமா என்று சந்தேகம் இருந்தால் கமலத்தைப் போய்ப் பாருங்கள். ஆராயி கண்ணை மூடி மூன்று வருஷமாகிறது. தர்மராஜுக்கு இரண்டாந்தாரமாக விருத்தாசலம் வந்த கமலம், பொங்கலுக்குப் பொங்கல் மூத்தவள் ஆராயிக்குப் புடவை வைத்துப் படைத்துக் கும்பிடத்தான் செய்கிறாள். ஆனால் அந்தக் கம்பளியை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை.

தர்மராஜுக்குப் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. ராத்திரி முழுக்க அனலில் வெந்துவிட்டு வந்து பகலில் படுப்பான். கமலம் சீராகக் கொண்டுவந்த இலவம்பஞ்சு மெத்தை புசுபுசுவென்றுதான் இருக்கும். கத்திரி வெயிலில் படுத்தால் முதுகு நனைந்துவிடும். அதனால் அதன்மேல் ஆராயி வாங்கிவைத்த, வேர்வையை உறிஞ்சிக்கொள்ளும் கறுப்புக் கம்பளியை விரித்துக்கொள்வான். மெத்தை என்னுடையது, தூக்கம் மட்டும் அவள் கொடுத்ததா என்று கமலத்துக்கு வயிறு எரிந்தது. உயிரோடிருக்கும் சக்களத்தி என்றால் குழாயடியில் ஒரு கை பார்க்கலாம். படையல் வாங்கிக்கொண்டிருப்பவளை என்ன செய்வது?

"கந்தலா போச்சுங்க. வேற வாங்கியாரேன்" என்றாள்.

"அதுல என்னா கொற? படுத்தா குளுகுளுன்னு இருக்குது."

அந்தக் 'குளுகுளு'தான் அவளைச் சந்தைக்கு விரட்டியது.

கம்பளி விற்ற காசியம்மாள் செம்மறி வளர்த்து வயல்களில் ஆட்டுக்கிடை போடுகிறவள். கமலம் எடுத்த எடுப்பில் சாயம் போட்ட சிவப்புக் கம்பளியைத் தூக்கினாள்.

"அது பனிக்குப் போத்திக்கிறது. அடியில விரிக்க ஆவாது" என்றாள் காசியம்மாள். "உள்ளங்கைய அழுத்தி வெச்சுப் பாரு. கை பிசுபிசுத்தா வேணாம்."

கமலம் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். ஒரு கறுப்புக் கம்பளி நன்றாகத்தான் இருந்தது. "கறுப்பே வேணாங்க" என்று தள்ளிவிட்டாள். கடைசியில் மெல்லிசாக நெய்த பழுப்புக் கம்பளியில் கன்னத்தையே வைத்துப் பார்த்தாள். அந்த வெயிலிலும் கன்னம் வேர்க்கவில்லை.

மறுநாள் தர்மராஜ் அதில் படுத்தவன்தான், அடித்துப் போட்டது மாதிரி தூங்கினான். முதுகில் பொட்டு வேர்வை இல்லை. கமலத்துக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்ததும் என்ன சொல்லப் போகிறான் என்று எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நல்ல தூக்கம் கமலம்" என்றான். பாவி மனுஷன் அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆராயி இருந்தாலும் இதத்தான் எடுத்திருப்பா."

டீ தம்ளர் தரையில் ணங்கென்று உட்கார்ந்தது. ஏன் என்று அவனுக்கு விளங்கவே இல்லை.

அடுத்த நாள் அவன் தூங்கும் நேரம் பார்த்து, பழைய கம்பளியைக் கரித்துணியாகக் கிழித்துவிடுவது என்று அரிவாள்மணையோடு கூடத்தில் உட்கார்ந்தாள். ஓரத்தில் ஒரு கிழிசல்; அதை ஆராயி கறுப்பு நூலால் பொடிப்பொடியாகத் தைத்திருந்தாள். கமலத்துக்கு இப்படித் தைக்க வராது. அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது. வெக்கையில் கண்ணைக் கட்டிக்கொண்டு வர, செத்த நேரம் சாயலாம் என்று அதன்மேலேயே சாய்ந்தாள்.

"கமலம், டீ போடலியா?"

கண் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. முதுகைத் தொட்டுப் பார்த்தாள். ரவிக்கை காய்ந்தே இருந்தது. நல்லாத்தான் பார்த்து வாங்கியிருக்கிறாள் சண்டாளி.

தர்மராஜ் அரிவாள்மணையையும் கம்பளியையும் மாறி மாறிப் பார்த்தான். "கிழிக்கப் போறியா?"

கமலம் கம்பளியை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இது எனக்கு" என்றாள். "இனிமே நீங்க இதத் தொடக் கூடாது."