இறங்காதவரும் மடித்த சீட்டும்

உலக வரலாற்றில் எந்த மாவீரனும் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டைப் படித்ததில்லை. இந்த மாபெரும் உண்மையை, வயிறு கல்லாகிப் போன ஐந்தாம் நாள் மாலை, சமையலறை வாசலில் நின்று அத்தான் உலகுக்கு அறிவித்தார். உலகம் என்பது நானும் அக்காவும்.

அத்தான் கட்டட வேலையில் டவர் கிரேன் ஓட்டுகிறார். தரையிலிருந்து அவர் உட்காரும் கூண்டு வரை இருநூற்றுப் பன்னிரண்டு இரும்புப் படிகள். காலை ஏழுக்கு ஏறினால் மாலை நான்குக்குத்தான் இறங்குவார். பதினோரு வருடத்தில் ஒருநாள்கூட நடுவில் இறங்கியதில்லை. வேலையிடத்தில் அவர் பெயரே 'இறங்காதவர்'. சின்ன விஷயத்துக்குக் கூண்டில் ஒரு பாட்டில் உண்டு. பெரிய விஷயத்துக்கு ஏற்பாடே கிடையாது. ஆகவே அவர் ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்திருந்தார்: தண்ணீர் குடிக்காவிட்டால் எதுவும் வராது. அது அபார வெற்றி பெற்றது. எதுவுமே வரவில்லை.

மறுநாளோ பெரிய நாள். நாலு டன் ஜெனரேட்டர் ஒன்றை மொட்டைமாடிக்குத் தூக்க வேண்டும். அதை நேரில் பார்க்க இன்ஜினியர் வருகிறார். பக்கத்து மனையில் நிற்கப்போகும் இரண்டு மடங்கு உயரமான கிரேன் யாருக்கு என்று அவர்தான் முடிவு செய்வார். அந்தக் கிரேனின் படத்தை அத்தான் போனில் வைத்திருந்தார். அக்கா படம் அந்த இடத்தில் ஒருநாளும் இருந்ததில்லை.

மருந்துக்கடைக்கு என்னையும் இழுத்துப் போனார்.

"தம்பிக்குத்தாம்மா. அஞ்சு நாளா போகல," என்று என் தோளைத் தட்டினார்.

கடைக்கார அம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "வாந்தி, கடுமையான வயித்து வலி, ரத்தம் ஏதாவது உண்டா?"

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் இல்லையென்று லேசாகத் தலையசைத்தார். "இல்லைங்க," என்றேன்.

"இருந்தா மாத்திரை போடாம டாக்டர்கிட்ட போயிடணும். இது படுக்கப் போறப்ப ஒண்ணே ஒண்ணு. தண்ணியோட முழுசா விழுங்கு, மெல்லாத. பால் கூடவே கூடாது. காலையிலதான் வேலை செய்யும், பன்னெண்டு மணி நேரம்கூட ஆகும். அவசரப்பட்டு இன்னொண்ணு போட்டுடாத. ஒரு வாரத்துக்கு மேல இதையே நம்பிட்டும் இருக்காத. தண்ணி நல்லா குடிக்கிறியா?"

"சொட்டுக்கூட குடிக்க மாட்டான்மா. சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது," என்றார் அத்தான்.

இரவு எட்டு மணிக்கு ஒரு டம்ளர் பாலோடு மாத்திரையைப் போட்டார்.

"பால் கூடாதுன்னாங்களாமே?" என்றாள் அக்கா.

"அது தம்பிக்குச் சொன்னது."

"அந்தச் சீட்டையாவது ஒருதடவை பாருங்களேன்."

"பிரிச்சா திரும்ப மடிக்க முடியாதுடி. அதை மடிக்கிற மிஷினை வேணா ஓட்டித் தர்றேன்."

ஒன்பது மணிவரை காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. "நாலு டன் தூக்குறவனுக்கு ஒரு மாத்திரை எந்த மூலைக்கு?" என்று இன்னும் மூன்றை எடுத்து வேர்க்கடலைபோல் மென்றார்.

அடுத்து நடந்ததை, கீழே நின்று வாக்கி டாக்கியில் அவருக்கு வழிசொல்லும் சிக்னல்காரர் வீட்டுக்கு வந்து சொன்னார். அந்த வாக்கி டாக்கியில் யார் பேசினாலும் வேலையிடம் முழுக்கக் கேட்கும். இன்ஜினியர் கையிலும் ஒன்று இருந்தது.

காலை ஒன்பது. ஜெனரேட்டர் ஆறாவது மாடி உயரத்தில் அந்தரத்தில் தொங்குகிறது.

"அண்ணே, அப்படியே மேல... மேல..."

"தம்பி. இன்னும் எவ்ளோ நேரம் ஆகும்?"

"இருபது நிமிஷம்ணே. மேல வச்சு போல்ட்டு முடுக்கணும்ல."

"அவ்ளோ நேரம் இல்ல."

"ஏண்ணே, கரண்ட்டு போகப் போகுதா?"

"கரண்ட்டெல்லாம் இருக்கு. எனக்குத்தான் வந்துடுச்சு."

பதினைந்து மாடியிலும் அது கேட்டது. பிறகு இன்ஜினியரின் குரல்: "கீழ இறக்குங்க. நிதானமா."

அவ்வளவு மெதுவாக ஒரு சுமை இறங்கித் தான் பார்த்ததே இல்லை என்றார் சிக்னல்காரர். அடியில் முட்டை இருந்திருந்தால் அது குஞ்சே பொரித்திருக்கும். கொக்கியைக் கழற்றும்வரை அத்தான் இருக்கையை விட்டு அசையவில்லை. அதற்குப் பிறகுதான் படி. ஒவ்வொரு தட்டிலும் கம்பியைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடி நின்றார். முப்பது பேர் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

"போய்ச் சேர்ந்தாரா?" என்றாள் அக்கா.

"சேர்ந்தாருக்கா. ஆனா கக்கூஸ் உள்பக்கம் தாழ் போட்டிருந்துச்சு. இன்ஜினியரோட டிரைவர் இருந்தாரு. அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன். அண்ணன்மேல எனக்கு மரியாதை உண்டு."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவரை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். நாலு மாத்திரை, அதுவும் மென்று, அதுவும் பாலோடு என்று கேட்டதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். உடம்பில் தண்ணீரே இல்லை என்றார். இரண்டு நாள் உப்பு சர்க்கரைக் கரைசலும் படுக்கையும். "படிக்கத் தெரியுமில்ல?" என்பது மட்டும் டாக்டர் கேட்ட கேள்வி.

இன்ஜினியர் புதுக் கிரேனை அவருக்கே கொடுத்தார். அந்த நிலைமையிலும் சுமையை அந்தரத்தில் விடாத ஆள் வேறு கிடைக்க மாட்டான் என்றாராம். ஒரே நிபந்தனை: தினமும் தண்ணீர் பாட்டிலோடு ஏற வேண்டும், நடுவில் ஒருமுறை இறங்கியே ஆக வேண்டும். 'இறங்காதவர்' என்ற பட்டம் அன்றோடு போயிற்று. இப்போது எல்லோரும் 'கரண்ட்டு அண்ணே' என்கிறார்கள்.

போன ஞாயிறு அத்தானுக்கு இருமல். மருந்து வாங்கிவந்து குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். உள்ளே காகிதம் சரசரத்தது. கால்மணி நேரம் கழித்து வந்தபோது கையிலிருந்த பெட்டி மூடாமல் வயிறு புடைத்து நின்றது.

"என்னத்தான், பெட்டி வீங்கியிருக்கு?" என்றேன்.

"ஈரமா இருக்கும்."

பாட்டிலோடு வந்த சின்ன மூடியை ஜன்னல் பக்கம் எடுத்துப்போய்க் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். ஐந்து மில்லி என்று போட்டிருந்த கோட்டைப் பார்த்து மருந்தை ஊற்றினார், நாலு டன்னை இறக்கிய அதே நிதானத்தோடு.